எதை முதலில் நிறுத்துவீர்கள்?

ஐடி வேலை போன நான்காவது மாதம், சிறு நகரங்களின் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை ஒரு நண்பர் மூலம் கிடைத்தது. பொருளாதார மந்தத்தில் ஊரை எப்படி நிர்வகிப்பது என்று நான் சொல்லித்தர வேண்டும். அதே மந்தத்தில் சொந்த நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதவன் நான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெங்களூருக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் என் கன்னடம் ஆட்டோக்காரருக்கு வழி சொல்வதோடு நின்றுவிடும். அதனால் முதல் வகுப்பை ஆங்கிலத்திலேயே ஆரம்பித்தேன். "தொழிற்சாலைகள் மூடுகின்றன. வரி வருமானம் குறைகிறது. எதை முதலில் நிறுத்துவீர்கள்?"

பின்வரிசையில் ஒருவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். ஹாலே சிரித்தது. நானும் சிரித்து, "வெரி குட் பாயின்ட்" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். வகுப்பு களைகட்டிவிட்டது என்று பூரித்துப்போனேன்.

டீ இடைவேளையில், பெங்களூரை அடுத்த சந்தாபுராவிலிருந்து வந்திருந்த பெண் வருவாய் ஆய்வாளர் ஒருவர் அருகில் வந்தார். என் வயதுதான் இருக்கும். வீட்டில் தமிழ் பேசுகிறவர்.

"சார், அவர் சொன்னது புரிஞ்சுதா?"

"முழுசா இல்ல மேடம்."

"முதல்ல இந்த ட்ரெய்னிங்க நிறுத்திடலாம்னாரு. நீங்க வெரி குட்னுட்டீங்க. பேஜார் பண்ணிக்காதீங்க, மனசுல வெச்சுக்காதீங்க."

மதியம் மானத்தை மீட்கும் வேகத்தில், தெருவிளக்குகளை ஒரு கம்பம் விட்டு ஒரு கம்பம் அணைக்கலாம் என்று அறிவித்தேன். அந்த மேடம் எழுந்தார்.

"எந்தத் தெருவுல சார்?"

"ஏதாவது... கூட்டம் இல்லாத தெருவுல."

"பொம்மசந்திரா ஃபேக்டரிங்கள்ல செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி பொண்ணுங்க நடந்து வர்றது அந்த மாதிரித் தெருவுலதான். போன தடவை ஃபேக்டரிங்க மூடினப்போ நாங்க விளக்கைத் தொடல. ஆபீசருங்க காரைத்தான் நிறுத்தினோம். வேலை போன வீடுகளுக்கு வரி கட்ட டைம் குடுத்தோம். யாருக்கு வேலை போச்சுன்னு வீடு வீடா போய்க் கேட்டோம். சொல்லவே வெக்கப்பட்டாங்க சார்."

கடைசி வாக்கியத்தில் எனக்குக் காது சூடானது. மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவர் கன்னடத்தில் ஒரு மணி நேரம் பேசினார். ஒருவர்கூடப் போனைப் பார்க்கவில்லை.

மாலையில் ஆங்கிலத்தில் நிரப்பியிருந்த கருத்துப் படிவங்களைப் புரட்டினேன். பெரும்பாலானவற்றில் மேடத்தைப் புகழ்ந்திருந்தார்கள். என்னைப் பற்றி ஒன்றில் மட்டும் ஒரு வரி இருந்தது: சரியான நேரத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த பயிற்சிக்கு அவரையே பேச அழைத்தார்கள். என்னையும் வைத்துக்கொண்டார்கள், அவருக்கு ஸ்லைடு போட. அவர் திருத்தச் சொல்கிற இடங்களைத் திருத்துகிறேன். நிறைய இருக்கின்றன.