நேற்றைய வஞ்சிரம்

அடையாறில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில், காலை எட்டு மணிக்கு நொச்சிக்குப்பத்தில் நிற்கிறேன். சாலையோரம் மீன் விற்கும் அம்மாவின் முன்னால் மூன்று குவியல்கள். அம்பாசடர் காரிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரப் பெண் ஒவ்வொன்றாகக் கை காட்டி, எப்போது பிடித்தது என்று இங்கிலீஷில் கேட்கிறாள்.

மணல் ஒட்டிய சங்கராவுக்கு அந்த அம்மாவின் பதில், "ஜஸ்ட் நௌ."

நெத்திலிக்கு, "திஸ் மார்னிங்."

ஐஸ் மேல் கிடக்கும் பெரிய வஞ்சிரத்துக்கு, கொஞ்சமும் தயங்காமல், "எஸ்டர்டே."

வஞ்சிரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கையை எடுத்துக்கொள்கிறாள். கொஞ்சம் நெத்திலியோடு கார் கிளம்பிவிடுகிறது.

ஊரில் இங்கிலீஷ் வாத்தியாரான எனக்கு மனசு கேட்கவில்லை. "எல்லாத்துக்கும் 'ஜஸ்ட் நௌ'ன்னே சொல்லியிருக்கலாமேம்மா. அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கிறார்.

"இன்னா சார் பேசுறே? தமிழ்ல கேட்டா நேத்து மீனுன்னு சொல்றேன். இங்கிலீஷ்ல கேட்டா மட்டும் புளுவணுமா? எம்பொண்ணு கைல கேட்டு இந்த மூணையும் கத்துக்கினதே உள்ளத சொல்றதுக்குத்தான்."

சொல்லிவிட்டு வஞ்சிரத்தின் மேல் இன்னும் ஒரு கை ஐஸை அள்ளிப் போடுகிறார். நான் அதில்தான் ஆறு துண்டு வெட்டித் தரச் சொல்கிறேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என் பையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்கிறார். நான் பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். கதவைத் திறந்ததும் அக்கா, "எப்ப புடிச்ச மீன்டா?" என்று கேட்பாள்.

"எஸ்டர்டே" என்று தலை நிமிர்ந்து சொல்லப்போகிறேன்.