மூன்றாவது ஓலை

எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் அறிவிப்பார். எனக்கும் சோமனூரில் தறி வைத்திருந்த வீட்டுப் பையனுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது.

அந்த வாரம்தான் பெண்கள் சங்கத்தில் பேசினேன். நல்லூரில் பள்ளி ஆசிரியையாக இருந்த எனக்கு இங்கிலீஷ் வரும் என்பதால், போதகரே ஒரு வெளிநாட்டு இறையியலாளரின் புத்தகத்தைக் கொடுத்து, இதைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார். கோயிலுக்குள் இருந்த கடவுள் செத்துவிட்டார் என்று எழுதி, நிறையப் பேரிடம் திட்டு வாங்கிய மனிதர் அவர். யுத்தத்தில் செத்த பையன்களைப் புதைத்துவிட்டு வந்து எழுதியது அது. அடுத்த பக்கத்திலேயே, புதைத்த இடத்தில்தான் கடவுளைக் கண்டேன் என்கிறார். இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சொல்வதில் எனக்கு ஒப்பாததையும் சொன்னேன்.

வெளியே போனது முதல் வரி மட்டும்தான். கோயில் கோபுரத்துக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருந்த பனியன் கம்பெனி முதலாளி கமிட்டியைக் கூட்டினார்.

"கடவுள் செத்துட்டாருன்னு சொன்னீங்களா, இல்லீங்களா?" என்றார்.

"அந்தப் பக்கத்த முழுசா வாசிக்கறனுங்க. அப்புறம் கேளுங்க."

"வாசிக்கறதெல்லாம் வேண்டாமுங்க. ஆமாங்களா, இல்லீங்களா?"

ஒரு பனியனில் ஓட்டை இருக்கிறதென்று இவர் அனுப்பிய சரக்கு மொத்தத்தையும் ஒருவன் திருப்பினால் சண்டைக்குப் போவார். ஆனால் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

போதகரைப் பார்த்தேன். நான்தான் கொடுத்தேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த மாதிரிப் புத்தகமெல்லாம் நம்ம சபைக்கு ஆகாதுங்க" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கும்வரை ஓலை கிடையாது என்று முடிவு செய்தார்கள். எதற்குக் கேட்பது? கேட்கவில்லை. மூன்றாவது ஓலையைப் போதகர் வாசிக்கவில்லை. சோமனூர்க்காரர்களும் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் போதகர் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நம்பி அவசர அவசரமாகக் காபி போட்டேன்.

"அந்தப் புத்தகத்தக் குடுத்துரு கண்ணு. கடைசி அத்தியாயம் நான் இன்னும் படிக்கல" என்றார்.

"கமிட்டியில இது உங்க புத்தகம்னு ஞாபகம் வரலீங்களா, ஐயா?"

"என்ற சூழ்நிலையையும் பாக்கோணுமில்ல, கண்ணு."

பார்க்கத்தான் வேண்டும். அவர் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் பிள்ளைகள், மாற்றல் பயம், பாதியில் நிற்கும் கோபுரம். முகம் தெரியாத வெளிநாட்டுக்காரருக்குக் கொடுத்த நியாயத்தை இவருக்கும் கொடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபிறகும் அவர் எனக்குச் செய்தது துரோகம்தான்.

காபியை முழுவதும் குடித்தார். தெருவில் யாரும் புத்தகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று, என்னிடமே பழைய பேப்பர் கேட்டு வாங்கிச் சுற்றிக்கொண்டு போனார்.