துரை பெயரில் வந்த மெயில்

இலங்கையில், கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிஸில்தான் அந்தக் கிளாக்கரைச் சந்தித்தேன். நரைத்த மீசை, கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடமிருந்து போன் வந்தால், எழுந்து நின்றுதான் பேசுவார்.

போலி மெயில்களை அடையாளம் காண ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். சோதித்துப் பார்க்க, முந்தின நாளே துரை பெயரில் நானே ஒரு போலி மெயில் அனுப்பியிருந்தேன். உடனே பாஸ்வேர்டைப் போடும்படி அதில் உத்தரவு. போட்டவர் கிளாக்கர் ஒருவர்தான்.

பயிற்சியில் எல்லோர் முன்னாலும் துரை சிரித்தார். "ஒரு போன் போட்டு என்னைக் கேட்டிருக்கலாமே?"

கிளாக்கர் எழுந்தார். "போன மாசம் கேட்டேங்க தொரை. நீங்க அனுப்புன மெயில் நெசந்தானான்னு. என்னையே சந்தேகப்படுறியான்னு மூனு நாள் வேலை நிப்பாட்டுனீங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேட்டவனைத் தண்டித்துவிட்டு, கேட்கவில்லை என்று சிரிக்கிற மனிதருக்கு முன்னால் நான் என்ன பயிற்சி கொடுப்பது?

என் படிவத்தில், மறுபடி பயிற்சி தேவைப்படுபவரின் பெயரை எழுத ஓர் இடம் உண்டு. துரை கிளாக்கரைக் கண்ணால் காட்டினார். நான் துரையின் பெயரை எழுதினேன்.

அப்போதும் கிளாக்கர் நின்றுகொண்டுதான் இருந்தார். துரை இன்னும் உட்காரச் சொல்லவில்லை.