கங்கம்மா சொன்ன குற்றம்

சாந்தோம் மாதா கோயிலுக்கு வடக்கே இருந்த குப்பத்தில் கங்கம்மா என்று ஒரு மீன்காரி இருந்தாள். கூட்டங்களில் பேசியவள் இல்லை, மாலை போட்டுக்கொண்டவள் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் அவள் செத்தபோது குப்பத்துக்கு வெளியே ஒரு ஈ காக்கை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்கு நல்லது செய்ய வந்த ஒரு சபையின் ஆண்டறிக்கையில் அவள் மகனைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த வரியாவது எங்கேயாவது இருக்கட்டும்.

அவள் புருஷன் சுப்பராயன் ஒரு ஐப்பசி மாதத்துப் புயலில் கடலோடு போனான். கட்டுமரத்தில் பாதி கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. அப்போது மகன் மாசிலாமணிக்கு ஆறு வயது. மூன்று நாள் மணலில் புரண்டு அழுத கங்கம்மா, நாலாம் நாள் கூடையைத் தூக்குமுன் ஒரு தீர்மானத்துக்கு வந்தாள். இந்தப் பிள்ளையின் கால் கட்டுமரத்தில் படக் கூடாது.

குப்பத்தில் அப்படி ஒருத்தி சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சுப்பராயனின் தம்பி பொன்னுரங்கம் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"கடலுக்குப் போவாம பின்ன இன்னா பண்ணப் போறான் அண்ணி? ஐகோர்ட்டுல ஜட்ஜா ஒக்காரப் போறானா?"

"இன்னா வேணா பண்ணட்டும். தண்ணியில மட்டும் எறங்கக் கூடாது" என்றாள் கங்கம்மா.

சொல்லிவிட்டாளே தவிர, வேறு என்ன வழி என்று அவளுக்கும் தெரியாது. காலையில் சாந்தோம் கிறிஸ்தவர் வீடுகள், பிறகு கச்சேரி ரோட்டு முஸ்லிம் வீடுகள் என்று கூடையோடு சுற்றும்போது அவள் கண் எந்நேரமும் கைத்தொழில் செய்கிறவர்கள் மேலேயே இருக்கும். அவர்களில் ஒருவராவது மீன்காரி பிள்ளையை வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்த்தாள். ஒருவரும் சேர்க்கவில்லை.

மாசிலாமணியோ, அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை. கூடையிலிருந்து விழுந்த நெத்திலியைக் கூட எடுத்துத் திரும்பக் கொடுப்பான். அவன் வயசுப் பையன்கள் சுருட்டுத் துண்டு பொறுக்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது அவன் கரையில் உட்கார்ந்து, உடைந்த மரத்துண்டை ஓட்டாஞ்சில்லால் இழைத்துக்கொண்டிருப்பான். குற்றம் சொல்லவே முடியாத பிள்ளை. பின்னால் அதுவே அவனுக்கு வினையாயிற்று.

இருபத்தேழில் மயிலைப் பாலர் ரக்ஷண சபை குப்பத்துக்கு வந்தது. வக்கீல்கள், பென்ஷன் வாங்கும் உத்தியோகஸ்தர்கள், அவர்கள் வீட்டு அம்மாமார்கள். ஏழைப் பிள்ளைகள் திருடர்களாகிச் சிறைக்குப் போவதைத் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. சாயங்காலப் பள்ளிக்கூடம், தேகாப்பியாசம், தினம் ஒரு கை சுண்டல், வருஷத்துக்கு இரண்டு நீலச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே தச்சு வகுப்பு. நாலு வருஷம் முடித்தால் மர வேலைக் கம்பெனி ஒன்றில் இடம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் வைதுவிட்டு ஆறிப்போகலாம்.

தச்சு வேலை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கங்கம்மா கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வலை உலர்த்தும் கொட்டகையில் மேஜை போட்டு, வக்கீல் சம்சாரம் ஜெயலக்ஷ்மி அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கிளிப்பச்சைப் புடவை, கையில் மைப் பேனா, எதிரில் பெரிய நோட்டு. முன்னால் தாய்மார்கள் வரிசை.

"உன் பிள்ளை எப்படி?" என்று கேட்டாள் அம்மாள்.

"தங்கம் தாயே. பொய் பேச மாட்டான், சீட்டாட மாட்டான், ஒருத்தர் பொருளத் தொட மாட்டான்."

"ரொம்ப சந்தோஷம். அப்படின்னா அவனுக்கு எங்க ஒத்தாசை வேண்டாம். கெட்டுப்போற நெலமையில இருக்கற பிள்ளைகளுக்குத்தான் இது. பன்னெண்டு இடந்தான் வெச்சிண்டிருக்கோம். அடுத்தது யாரு?"

அடுத்து நின்றவள் தேசம்மா. அவள் மகன் கபாலி படகுக் கயிறு திருடி இரண்டு தடவை உதைபட்டவன். அதை அவள் மறைக்காமல் சொன்னாள். அம்மாள் "ஐயோ பாவம்" என்று சொல்லி எழுதிக்கொண்டாள், பையனுக்குச் சட்டை அளவும் எடுத்தாகிவிட்டது. தேசம்மா பரீட்சையில் தேறியவளைப் போலத் தலை நிமிர்ந்து திரும்பி வந்தாள்.

கங்கம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை ஒழுங்காக வளர்த்தது குற்றமா? கயிறு திருடினவனுக்கு உளி, திருடாதவனுக்குக் கடலா? அரை மணி நேரம் அப்படியே இருந்தவள், எழுந்து வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவள் முறை வந்தபோது ஒரே ஒரு இடம் பாக்கி.

"நீ முன்னமே வந்தியே?"

"வெக்கமா இருந்துச்சி தாயே. நாலு பேரு எதிர்ல சொல்ல முடியல. அதான் பொய் சொல்லிட்டேன்."

அம்மாளின் முகம் இளகிவிட்டது. பேனாவைத் திறந்து, பையன் பேரும் வயசும் கேட்டு எழுதினாள்.

கயிறு, தேங்காய், சீட்டாட்டம் எல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். இருக்கிற ஒரு இடத்துக்கு அதெல்லாம் போதாது என்று கங்கம்மாவுக்குத் தோன்றியது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"போன பங்குனியில, அறுபத்து மூவர் திருவிழா அன்னிக்கு, தேரடியாண்ட கூட்டத்துல பச்சப் பொடவ கட்டிக்கினு ஒரு அம்மா நின்னுகினு இருந்தாங்க. அவங்க கழுத்துல கெடந்த நாலு சவரன் சங்கிலிய அறுத்துக்கினு ஓடியாந்துட்டான்."

"பதினோரு வயசுலயா! சங்கிலி என்ன ஆச்சு?"

"பாவத்துக்குப் பயந்து கடல்ல வுட்டெறிஞ்சிட்டேன் தாயே."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதினாள். கங்கம்மா கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்: "டேய், ஒன்னத் திருடன்னு சொல்லிட்டு வந்துட்டேன்டா."

மாசிலாமணி சிரிக்கவில்லை. "நான் ஒண்ணும் எடுக்கலியேம்மா" என்றான்.

"எனக்குத் தெரியாதா? அந்த நோட்ட யார் படிக்கப் போறா? நீ போய் உளியப் புடி."

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. வகுப்பில் அவன்தான் முதல். அம்மாவுக்கு மீன் அரியும் பலகை ஒன்று செய்து வந்தான், நாலு மூலையும் வழவழவென்று இழைத்து. அந்தப் பலகையில் மீன் அரிய மனசு வராமல் கங்கம்மா ஒரு மாதம் அதைச் சுவரில் சாத்தி வைத்திருந்தாள்.

இருபத்தொன்பது பங்குனி. அறுபத்து மூவர் கூட்டத்துக்காகச் சபை ஒரு மோர்ப் பந்தல் போட்டது. பன்னிரண்டு பையன்களும் நீலச் சட்டையில் நின்று மோர் ஊற்றினார்கள். பொழுது சாயும் நேரத்தில் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு வியாபாரி மனைவியின் சங்கிலி போய்விட்டது. முகத்தைப் பார்க்கவில்லை, நீலக் கைதான் தெரிந்தது என்றாள் அவள். அந்த ஜனத்திரளில் நீலச் சட்டை போட்டவர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் பந்தலில் பன்னிரண்டு பேர் வரிசையாக, கூப்பிட்டால் வருகிற தூரத்தில் நின்றார்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் சபைக்கு வந்தார். "மறைக்கறதுக்கு எங்களண்டை ஒண்ணும் இல்லே" என்று ஜெயலக்ஷ்மி அம்மாள் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். சட்டத்துக்கு உதவுகிறோம் என்ற பெருமை வேறு. கயிறு, தேங்காய், சீட்டு, பீடி, மறுபடியும் தேங்காய். கடைசிப் பெயருக்கு எதிரே: அறுபத்து மூவர், தேரடி, சங்கிலி. இன்ஸ்பெக்டருக்கு வேலை அரை நிமிஷத்தில் முடிந்தது.

எழும்பூர்க் கோர்ட்டில் கங்கம்மாவுக்கு நோட்டைக் காட்டினார்கள்.

"இது உன் கைநாட்டா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"ஆமா சாமி. ஆனா சொன்னது அத்தினியும் பொய். எடம் கெடைக்கணும்னு சொன்னேன்."

"முதலில் நல்லவன் என்றாயாம். பிறகு அது பொய் என்றாயாம். இப்போது இது பொய் என்கிறாய். எதை நம்புவது?"

உண்மை அவள் வாயிலிருந்துதான் வந்தது, பொய்யும் அதே வாயிலிருந்துதான். இரண்டில் எழுதி வைத்தது எது என்றுதானே கோர்ட்டு பார்க்கும்! ஜெயலக்ஷ்மி அம்மாளும் சாட்சி சொன்னாள். நாலு மணி வரை பையன் பந்தலை விட்டு அசையவில்லை. பிறகு தான் காப்பி குடிக்க ஆத்துக்குப் போய்விட்டதால் தெரியாது. அதற்கு மேல் ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. குழந்தையைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்று கைகூப்பி மன்றாடினாள். அப்படியே ஆயிற்று. சிறை இல்லை, சர்க்கார் சீர்திருத்தப் பள்ளியில் மூன்று வருஷம். சங்கிலி கடைசி வரை அகப்படவே இல்லை.

வெளியே வேப்ப மரத்தடியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த கங்கம்மாவிடம் அம்மாள் வந்தாள். உண்மையாகவே அழுதிருந்தாள்.

"கவலைப்படாதே. அங்கேயும் தச்சு வேலை சொல்லித் தரா" என்றாள்.

அந்த மூன்று வருஷத்தில் கங்கம்மா பட்டதைச் சொல்லி மாளாது. கூடையை இறக்கினால் வீட்டுக்காரி முதலில் குழந்தையின் காதுக் கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். பேரம் பேசியவர்கள் பேசாமல் கதவைச் சாத்தினார்கள். கயிறு திருடிய கபாலி நாலு வருஷமும் முடித்து, கம்பெனியில் சேர்ந்து, சைக்கிளில் வேலைக்குப் போனான். தேசம்மா அதை ஒருநாளும் குத்திக் காட்டவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததைத்தான் கங்கம்மாவால் தாங்க முடியவில்லை.

முப்பத்திரண்டில், லஸ் பக்கத்தில் ஒரு ஹாலில் சபையின் ஆண்டு விழா. மாசிலாமணியை இரண்டு மாதம் முன்னதாகவே விடுவித்துச் சபைக்காரர்கள் நேராக அங்கே கூட்டி வந்தார்கள். கங்கம்மா செருப்புகள் கிடந்த வாசற்படி ஓரமாக நின்று பார்த்தாள். அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. மேடையில் கைகட்டி நின்று, மனப்பாடமாகப் பேசினான்.

"சபையோர்களே! நான் பதினோரு வயதில் அறுபத்து மூவர் திருவிழாவில், தேரடிக்கு அருகில், பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மாளின் கழுத்தில் இருந்த நாலு சவரன் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினேன். அதுவே என் முதல் குற்றம். என் தாய் பாவத்துக்குப் பயந்து அதைக் கடலில் எறிந்தாள்..."

ஒரு வார்த்தை மாறவில்லை. எல்லாம் அவள் சொன்னது. ஜனங்கள் கைதட்டினார்கள். ஜெயலக்ஷ்மி அம்மாள் அவனிடம் ஒரு பெட்டியைக் கொடுத்தாள். இழைப்புளி, உளி, ரம்பம், சுத்தியல் எல்லாம் புதிதாக உள்ளே இருந்தன. அவனைத் தச்சனாக்கத்தான் கங்கம்மா இவ்வளவும் செய்தாள். மகன் தச்சனாகிவிட்டான். வாசற்படியில் நின்றவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பிறகு அவன் தியாகராய நகரில் புதிது புதிதாக எழும்பிய வீடுகளுக்கு நிலை வைத்தான், ஜன்னல் போட்டான். வேலை வாங்கித் தந்தது சபையின் சிபாரிசுக் கடிதம்தான். திருடன் திருந்திவிட்டான் என்று அதில் எழுதியிருந்ததால், தினமும் வேலை முடிந்ததும் மேஸ்திரி அவன் மடியை அவிழ்த்துப் பார்த்துத்தான் வெளியே விடுவான். கங்கம்மா சாகும் வரை அது நிற்கவில்லை.

விழா அன்று அந்திப்பொழுதில் இரண்டு பேரும் கடற்கரையோரமாகக் குப்பத்துக்கு நடந்தார்கள். பெட்டி அவன் தோளில்.

"மாசிலா, நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும்டா. ஏன்டா அப்டிப் பேசுன?"

"ஒத்துக்கினாத்தான் வுடுவாங்கம்மா. எடுக்கலன்னு சொன்னா மனசு திருந்தலன்னு எழுதிடுவாங்க. மொத வருஷம் பூரா எடுக்கல எடுக்கலன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன். அப்பறம் வாராவாரம் எல்லார் முன்னாலயும் நின்னு சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தத் தேரடி, கூட்டம் எல்லாம் கண்ணு முன்னாலயே வந்துடுச்சி."

மணலில் விரித்திருந்த வலையைச் சுற்றிக்கொண்டு நடந்தான்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். அந்தப் பச்சப் பொடவக்காரி யாரு?"

"யாரும் இல்லடா. நோட்டு எழுதுச்சே, அந்த அம்மா அன்னிக்குப் பச்ச கட்டிக்கினு எதிர்ல ஒக்காந்துகினு இருந்துச்சி. வேற ஒண்ணும் தோணல. அதப் பாத்துச் சொல்லிட்டேன்."

மாசிலாமணி நின்றான். பெட்டியை மறு தோளுக்கு மாற்றினான்.

"இல்லம்மா, அவங்க இல்ல" என்றான். "நான் அறுத்தப்போ கத்துனவ கறுப்பா, ஒயரமா இருந்தா."