தேவயானியின் சாய்ந்த எழுத்து

ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தில் என் செல்போன் கடைக்குப் பக்கத்துக் கடை தேவயானியுடையது. வண்டிகளுக்குப் பெயர் வெட்டி ஒட்டுகிற ஸ்டிக்கர் கடை. ஒரு நிமிஷம் உட்கார மாட்டாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு மிஷினுக்குப் பாய்வாள். பார்க்கிற எனக்கே மூச்சு வாங்கும்.

அவள் எழுத்தும் அவளைப் போலத்தான். வால், குஞ்சம் எதுவும் கிடையாது, நல்ல தடிமன், வலப்பக்கம் சாய்ந்திருக்கும். கபடி பனியனுக்கும் அதுதான், உரக்கடைப் பலகைக்கும் அதுதான். காதுகுத்து பேனரில்கூடக் குழந்தையின் பெயர் பந்தயத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கும்.

"எல்லாத்துக்கும் இதையேதானாடி போடுவ?"

"சும்மா கெடக்கற எழுத்து எனக்குப் புடிக்கலக்கா" என்பாள்.

போன மாசம் எங்கள் ஊர் துரைக்கண்ணு ஒரு லோடு வண்டி எடுத்தான், புளி மூட்டை ஏற்றி மலையிறங்கிக் கலசப்பாக்கம் போக. இரண்டு பக்கமும் 'சின்னராசு' என்று ஒட்டச் சொன்னான். அவன் அண்ணன் பெயர். மலைப்பாதையில் ஏறும்போது பிரேக் பிடிக்காமல், வண்டி பின்னுக்கு உருண்டு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனவன்.

பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் துரைக்கண்ணு இடப்பக்கத்தைப் பார்த்தான். அந்தப் பக்கம் நின்று பார்த்தால் வண்டியின் முகம் நம் இடது கைப்பக்கம். எழுத்து சாய்வதோ வலது கைப்பக்கம். மறுபக்கத்தில் முன்னால் பாய்ந்த அதே பெயர், இங்கே பின்னால் சரிந்து கிடந்தது.

"இன்னாமா இது? எங்கண்ணன் பின்னால போறான்." என்றான். "நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

தேவயானி சூடு காட்டி எழுத்தை உரித்தாள். எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டிக்கொண்டு வந்து ஒட்டினாள். அவன் பார்த்தான்.

"மலை எறங்கசொல்ல தலைகுப்புற வுழற மாதிரி கீதும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏற ஒரு எழுத்து, எறங்க ஒரு எழுத்தாடா கேக்கற? மூட்டையெல்லாம் காத்துக் கெடக்குது, வண்டிய எடுடா!" என்று கத்தினேன். அவன் டயர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். அவ்வளவு பெரிய ஆள்!

தேவயானி மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். சாய்வைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள், கடைசியில் ஒன்றுமே இல்லாமல் எடுத்துவிட்டாள். தடிமன் மட்டும் அப்படியே. இரண்டு பக்கமும் பழசை உரித்துப் புதுசை ஒட்டினாள்.

துரைக்கண்ணு எழுந்து வண்டியைச் சுற்றி வந்தான். அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். அண்ணன் பெயரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினான்.

"இப்ப நிக்கறான்க்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறினான்.