ஒரே மாதிரியான போத்தல்கள்

போன வருஷம் பொங்கலுக்கு முந்தைய வாரம், மலேசியாவின் கோல சிலாங்கூரில் அப்பா தனியாக இருக்கும் வீட்டில் நடந்தது இது. அம்மா காலமான வருஷம் நாங்கள் எந்தப் பண்டிகையும் கொண்டாடவில்லை. பண்டிகை இல்லையென்றால் வீட்டை ஒழிப்பதும் இல்லை. வருஷத் திதி கொடுத்த பிறகு வந்த முதல் பொங்கல் அது. அம்மாவின் சமையலறையைப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்று நான் இருக்கும் ரவாங்கிலிருந்து லீவு போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அப்பா ரப்பர்த் தோட்டத்தில் லோரி ஓட்டியவர்; நாங்கள் வளர்ந்தது அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். சரியான பிடிவாதக்காரர். எங்களோடு வந்து இருங்கள் என்று பிள்ளைகள் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்துவிட்டோம். “நான் நல்லாத்தான் இருக்கேன்லா. என்னைப் போட்டுப் பாடாப் படுத்தாதீங்க” என்பார். தானே சமைத்துச் சாப்பிடுகிறாரே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

எனக்குச் சுத்தப் பைத்தியம் உண்டு, ஆனால் கெமிக்கல் வாடை ஆகவே ஆகாது. வினிகர், பேக்கிங் சோடா, மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த பழத்தோல் தண்ணீர் என்று எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். அப்பா பழத்தோல் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு, “இது என்னம்மா, கள்ளா?” என்று கேலி செய்தார். “உங்கம்மா லயத்துல சாம்பலும் புளியும் வெச்சே பளபளன்னு தேய்ச்சிருவா.”

உண்மைதான். அடுப்பு மேடையில் சோடாவைக் குழைத்துப் பூசித் தேங்காய் நாரால் தேய்க்கும்போது அம்மாவின் ஞாபகமாகவே இருந்தது. ஸ்டூல் போட்டு மேல் தட்டிலிருந்து இறக்கிய டின்களைத் திறக்கத் திறக்க மல்லி வாசமும் பெருங்காய வாசமும் முகத்தில் அடித்தன. லயத்து வீட்டில் தீபாவளி முறுக்கு போட்டு வைத்த பழைய சதுர டின் கூட இருந்தது. நானும் அண்ணனும் அதிலிருந்து திருடித் தின்று அடி வாங்கியிருக்கிறோம். இப்போது அதில் கோப்பித் தூள். கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தேன்.

மற்றபடி அந்த அலமாரி ஒரே கந்தரகோளம். ஒரு டின் சப்பை, ஒன்று உருண்டை. உப்புப் போத்தலில் ரப்பர் வளையம். மிளகாய்த்தூள் போத்தலின் கழுத்தில் ஒரு துணிக் கிழிசல். எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ரப்பரையும் துணியையும் வெட்டி எறிந்தேன். டின்களையும் பழைய போத்தல்களையும் மறுசுழற்சிக்கென்று சாக்கில் போட்டு வாசலில் வைத்தேன். ஒரே அளவில் கண்ணாடிப் போத்தல்கள் வாங்கி வந்திருந்தேன். எல்லாவற்றையும் அவற்றில் நிரப்பி, லேபிள் ஒட்டி, கீழ்த் தட்டில் வரிசையாக அடுக்கினேன். மிச்சமிருந்த சோடாவுக்கும் ஒரு போத்தல். அப்பா இரண்டு மூன்று முறை எட்டிப் பார்த்து, “அது அங்கேயே இருக்கட்டுமேம்மா” என்றார். “போங்கப்பா, போய் ரேடியோ கேளுங்க” என்று விரட்டிவிட்டேன்.

சாயங்காலம் களைத்துப்போய் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். அப்பா தானே போய் எனக்குத் தே ஓ, பால் சேர்க்காத தேநீர், கலக்கிக் கொண்டுவந்தார். ஒரு வாய்தான் குடித்தேன். சவுக்காரத் தண்ணீர்! சீனிக்குப் பதில் சோடா. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏன்பா, லேபிள் இவ்ளோ பெரிசா ஒட்டியிருக்கேனே!” என்று உள்ளே போய் அந்தப் போத்தலை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினேன்.

அப்பா அதைக் கையில் வாங்கி, எழுத்தைக் கட்டை விரலால் தடவினார். பிறகு மெதுவாக, “சீனிதானேம்மா?” என்றார்.

அப்பாவுக்குக் கண் மங்க ஆரம்பித்து ரொம்ப நாளாகிவிட்டதாம். அம்மாவுக்கு மட்டும் தெரியுமாம். அம்மாதான், தன் உடம்பு முடியாமல் போனதும், டின்களை மாற்றி மாற்றி வைத்து, கையால் தடவியே எடுக்கும்படி அவரைப் பழக்கினாராம். எங்களிடம் சொன்னால் வீட்டைப் பூட்டிவிட்டு அழைத்துப் போய்விடுவோம் என்று பயம். “அவ இருந்த வீடும்மா. என்னை இங்கேருந்து தூக்கிட்டுப் போயிராதீங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாசலுக்குப் போய்ச் சாக்கைத் திரும்ப இழுத்து வந்தேன். டின்களையும் போத்தல்களையும் கழுவித் துடைத்து, உப்புக்கு ரப்பர் வளையமும் மிளகாய்த்தூளுக்குத் துணியும் மறுபடி கட்டினேன். எது எங்கே என்று அப்பா சொல்லச் சொல்ல அடுக்கினேன். உப்பு மேல் தட்டில், இடது ஓரத்தில் என்றார். எனக்கு எட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். சீனிக்கு மறுபடி ஏறினேன். கோப்பித் தூளுக்கும் ஏறினேன். அப்பா நெட்டை. அவர் குனியாமல் கையை நீட்டினால் போதும், எல்லாம் கிடைக்கும். நானும் அம்மாவும் ஒரே உயரம். அப்படியென்றால், உடம்பு முடியாத அந்தக் கடைசி மாதங்களில், ஒரு சிட்டிகை உப்புக்குக் கூட அம்மா ஸ்டூலில் ஏறி இறங்கித்தான் சமைத்திருக்கிறார். ஸ்டூலின் மேல் நின்றபடியே தேம்பித் தேம்பி அழுதேன்.

டாக்டரிடம் காட்டினோம். அது கண்புரைதான். ஆப்பரேஷன் முடிந்து அப்பாவுக்கு இப்போது பார்வை நன்றாக இருக்கிறது. அந்த வீட்டில்தான் இருக்கிறார், அந்த அலமாரியில் யாரும் கை வைப்பதில்லை. ரவாங்கில் என் சமையலறையில் உப்பு, சீனி எல்லாம் என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கின்றன. அவற்றை எடுக்கும்போதெல்லாம், அம்மா அப்பாவை நேசித்த அளவுக்கு நான் இன்னும் யாரையும் நேசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் தோன்றுகிறது.