லோஷினிக்கு வாங்கிய பொன்னாடை

மலேசியாவின் சின்ன ஊரான சாஆவில் பிறந்து விமானம் ஓட்டிய முதல் பெண் லோஷினிதான். ஊரே மார்தட்டிச் சொல்கிறது. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஊர் என்ன சொன்னது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். யாருக்கும் ஞாபகம் இல்லையாம்!

பதினேழு வயதில் விமானப் பயிற்சிப் பள்ளியின் விண்ணப்பப் பாரத்தை அப்பா ஐயாசாமி முன்னால் நீட்டினாள். வயசு பதினெட்டு ஆகவில்லை, பெற்றவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஐயாசாமி செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை பார்ப்பவர். மகளை ஏற இறங்கப் பார்த்தார். பொம்பளைப் பிள்ளைக்கு ஆகாயத்தில் என்ன வேலை, வாத்தியாருக்குப் படி என்று பாரத்தை அலமாரி மேலே வீசிவிட்டார். அம்மா செல்லம் நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்தாள். மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அதோடு ரெண்டு வருஷம் அந்த மனுஷன் ரெண்டு பேரிடமும் பேசவில்லை. சோறு வேண்டுமென்றால் டிவியைப் பார்த்துச் சொல்வார்.

லோஷினி படித்தாள், துணை விமானியானாள், போன மாசம் கேப்டனும் ஆகிவிட்டாள். விமானத்தில் ஏறுகிறவர்கள் அவளிடம் தண்ணீர் கேட்பதும், கேப்டன் எப்போது வருவார் என்று விசாரிப்பதும் அவளுக்குப் பழகிப்போனது. ஒன்றுதான் பழகவில்லை. நீ செஞ்சது சரி என்று அப்பா ஒரு தடவை வாய் திறந்து சொல்லவேண்டும். ஜொகூர் பாருவில் தங்கியிருந்தவள் அதற்காகவே மாசம் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். அவரோ பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசினார்.

இந்த வருஷக் கோயில் திருவிழாவில் அவளுக்குப் பாராட்டு. கோயில் தலைவர் கனகராஜ், தோளில் நாலு கோடு போட்ட கேப்டன் சீருடையில்தான் வரவேண்டும் என்று அடம்பிடித்தார். சேலையில் வந்தால் சனம் நம்பாதாம்.

மேடையில் ஏறிய பிறகுதான் சிக்கல். பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்தினால் பெண்தான் போர்த்த வேண்டும், அதுதான் முறை. நிர்வாகத்தில் பதினான்கு பேர், பதினான்கும் மீசை. ஐயோ அலமாக், இதை யாருமே யோசிக்கவில்லை! சமையல்கட்டில் செல்லத்தோடு சேர்த்து இருபது பெண்கள் வியர்க்க விறுவிறுக்க நின்றார்கள். அம்மாவைக் கூப்பிடுங்கள் அங்கிள் என்று லோஷினி மெதுவாகச் சொன்னாள். பாயசம் அடிப்பிடித்துவிடும் என்று கனகராஜ் கையை ஆட்டிவிட்டார்.

"பெத்தவருக்குப் போட்டா பிள்ளைக்குப் போட்ட மாதிரிதான் லா" என்று அவரே தீர்ப்பும் சொன்னார்.

முன்வரிசையிலிருந்து மேடைக்கு இழுத்து வந்த ஐயாசாமியின் தோளில் சரிகைப் பொன்னாடை விழுந்தது. மகளைப் பறக்கவிட்ட மகராசன் என்று கனகராஜ் வேறு எடுத்துவிட்டார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. மைக்கும் ஐயாசாமி கைக்கே போனது.

மனுஷன் சும்மா இருந்தாரா? சின்ன வயசிலேயே பிள்ளையின் திறமையைக் கண்டுகொண்டதையும், யார் தடுத்தும் தான் அசையாமல் நின்றதையும் பத்து நிமிஷம் அளந்தார். மேகத்தில் விமானம் குலுங்கும்போது பயணிகளுக்காக வைத்திருக்கும் அந்த நிதானக் குரலை லோஷினி மனசுக்குள் தேடினாள். கிடைக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி, நேராகச் சமையல்கட்டுக்குப் போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஐயாசாமியும் வந்தார். பொன்னாடையைக் கழற்றிச் செல்லத்தின் தோளில் வைக்கப் பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டது நீதானே" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

செல்லம் கரண்டியை நிறுத்தவில்லை.

"இதை இங்க வந்து ஏன் சொல்றீங்க? அங்க போய்ச் சொல்லுங்க."

அவர் திரும்பிப் போனபோது மைக்கைக் கழற்றியிருந்தார்கள். பந்தி தொடங்கிவிட்டது. இருநூறு பேர் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஐயாசாமி பந்திக்கு நடுவில் போய் நின்றார். கையில் பொன்னாடை கசங்கிக் கிடந்தது.

"நான் கையெழுத்துப் போடல. தடுத்தவனே நான்தான். என் பொண்ணு செஞ்சதுதான் சரி" என்று தொண்டை கிழியச் சொன்னார்.

ஒருவரும் நிமிரவில்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தம் நிற்கவில்லை. கனகராஜ் மட்டும் ஓடி வந்து, அண்ணனை முதலில் உட்கார வையுங்கள், பசி போல என்று இலை போடச் சொன்னார்.

சமையல்கட்டு வாசலில் நின்ற லோஷினிக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. நாலு கோடு போட்ட சட்டையோடு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு, கண்ணைக்கூடத் துடைக்காமல், அப்பாவின் இலைக்கு அவளே பரிமாறப் போனாள்.